சோதித்துத் தெளிக

சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார இரயிலில் அமர்ந்து வெளியே நோக்குவோர்க்கு ஒரு காட்சி இடைவிடாமல் தோன்றும். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறையும்; கம்பங்களும் கம்பிகளும் மட்டும் மறைவதில்லை. வண்டியின் தலைக்கு மேலே 25,000 வோல்ட்டு அழுத்தமுடைய கம்பி கூடவே வருகின்றது. வடசென்னை அனல்மின் நிலையத்திலும் வல்லூர் அனல்மின் நிலையத்திலும் பிறக்கும் மின்சாரத்தைத் தாங்கிய கோபுரங்கள் வயல்களையும் உப்பங்கழிகளையும் கடந்து நிற்கின்றன. கும்மிடிப்பூண்டியை அடைந்தால், சிப்காட் தொழிற்பேட்டையில் அம்மின்சாரமே பழைய இரும்பை உருக்கிப் புதிய கம்பியாக்கும் தொழிலுக்கு உயிராக விளங்குகின்றது.

இத்துணைப் பெரிய அமைப்பும் ஓர் எளிய வேற்றுமையின்மேல் நிற்கின்றது. சில பொருள்கள் மின்சாரத்திற்கு வழிவிடுகின்றன. சில பொருள்கள் அதனை மறிக்கின்றன. கம்பி வழிவிடுகின்றது, கம்பியைத் தாங்கும் பீங்கான் மறிக்கின்றது. கம்பி தன் கடமையில் தவறினால் ஊர் இருளில் மூழ்கும். பீங்கான் தன் கடமையில் தவறினால் உயிருக்கே ஊறு நேரலாம். முன்னவற்றைக் கடத்திகள் என்றும், பின்னவற்றைக் கடத்தாப் பொருள்கள் என்றும் கூறுகின்றோம்.

இவ்வேற்றுமையை நம் மாணவர்கள் அறிவார்களா என்று கேட்டால், அறிவார்கள் என்றே விடை வரும். செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவை கடத்தும். மரம், இரப்பர், கண்ணாடி ஆகியவை கடத்தா என்று அவர்கள் தடையின்றி ஒப்பிப்பார்கள். தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும், அப்பட்டியல் ஒன்றையே கற்றவர்கள் மின்சாரத்தைக் கற்றவர்கள் ஆகார் என்பது என் கருத்து. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. இங்கோ ஏட்டுச் சுரைக்காய் உதவாமற்போவதோடு நில்லாமல், சில வேளைகளில் ஊறும் விளைக்கின்றது. அஃது எவ்வாறு என்பதையும், அதற்கு மாற்று யாது என்பதையும் இங்குக் காண்போம்.

முதலில் இப்பட்டியல் எவ்வாறு பிறந்தது என்பதை அறிதல் வேண்டும். இங்கிலாந்து நாட்டில் ஸ்டீவன் கிரே என்பவர் வாழ்ந்தார். அவர் சாயமிடும் தொழில் செய்தவர். 1729ஆம் ஆண்டில், தேய்த்த கண்ணாடிக் குழாயில் தோன்றும் மின்னாற்றலை நீண்ட சணல் நூலின் வழியே தொலைவுக்குச் செலுத்திப் பார்க்க அவர் முயன்றார். வீலர் என்னும் நண்பரின் வீட்டில் அந்நூலைப் பட்டு இழைகளால் தொங்கவிட்டுச் சோதித்தபோது முயற்சி வெற்றி பெற்றது. பின்னர் நூலின் பாரம் தாங்காமல் பட்டு இழை அறுந்தது. அதற்கு ஈடாக, அதனினும் உறுதியான மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினர். கம்பி அறவில்லை, ஆனால் மின்னாற்றல் நூலின் மறுமுனையைச் சென்று சேரவும் இல்லை. அது பித்தளைக் கம்பியின் வழியே விலகிச் சென்றுவிட்டது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தியது இழையின் மென்மை அன்று, அதன் பொருளே என்று அவர்கள் அப்போது உணர்ந்தனர்.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? கடத்தி, கடத்தாப் பொருள் என்னும் பாகுபாடு ஒருவர் சிந்தனையில் உதித்து ஏட்டில் எழுதப்பட்டதன்று. அறுந்த இழையிலிருந்தும், எதிர்பாராத தோல்வியிலிருந்தும் அது பிறந்தது. சோதனையிற் பிறந்த அறிவைச் சோதனையின்றியே மாணவர்க்கு ஊட்ட முயல்வது, நீச்சலை நூலின் வழியே கற்பிக்க முயல்வதை ஒக்கும்.

இச்சோதனைக்கு வேண்டுவன மிகச் சிலவே. டார்ச்சு விளக்கில் இடும் மின்கலங்கள் நான்கு; 6 வோல்ட்டுச் சிறு விளக்கு ஒன்று; சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று, அதனோடு தொடராக இணைக்க 330 ஓம் மின்தடை ஒன்று, சிறிது கம்பி. மின்கலங்களை வரிசையாக இணைத்து, விளக்கையும் சுற்றில் சேர்த்து, ஓரிடத்தில் மட்டும் இடைவெளி விடவேண்டும். அவ்விடைவெளியில் எப்பொருளை வைக்கின்றோமோ அப்பொருளே நம் கேள்வி. விளக்கே நமக்கு விடை.

இங்கு ஓர் எச்சரிக்கையை வற்புறுத்திக் கூறவேண்டும். வீட்டுச் சுவரில் உள்ள மின்செருகியை இச்சோதனைக்கு ஒருபோதும் நாடலாகாது. அங்கு இருப்பது 230 வோல்ட்டு. அது சோதனைக்கு உரியதன்று, உயிரைப் பறிக்க வல்லது. கைப்பேசியின் மின்கலமும் வேண்டா. அதன் இரு முனைகள் தவறி ஒன்றையொன்று தொட்டால் அது தீப்பற்றக்கூடும். டார்ச்சு மின்கலத்தின் இரு முனைகளையும் நேராகக் கம்பியால் இணைத்தலும் ஆகாது. இவ்விதிகளைக் கடைப்பிடித்தால் இச்சோதனை குழந்தையின் விளையாட்டைப்போல் எளியதாகும்.

முதற்கண், வீட்டில் கிடைக்கும் உலோகப் பொருள்களைச் சோதிப்போம். கரண்டி, சாவி, ஊக்கு, நாணயம் ஆகியவற்றை இடைவெளியில் வைத்தால் விளக்கு எரிகின்றது. பட்டியல் மெய்யே என்று மனம் மகிழும். அடுத்து, வண்ணம் பூசிய இரும்புத் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தால் விளக்கு எரியாது. இரும்பு கடத்தும் என்றார்களே, இஃது ஏன் கடத்தவில்லை? வண்ணத்தைச் சிறிது சுரண்டிவிட்டு வைத்தால் விளக்கு எரியும். பழைய மின்விசிறியிலிருந்து எடுத்த செப்புக் கம்பியும் இவ்வாறே. பார்வைக்கு அது வெறுஞ்செம்பாகத் தோன்றும். ஆயினும் அதன்மேல் கண்ணுக்குப் புலனாகாத எனாமல் பூச்சு உண்டு. அதனைச் சுரண்டாதவரை விளக்கு ஒளி தராது. ஆகவே, பொருளின் பெயரை மட்டும் அறிந்து விடை கூறுதல் இயலாது என்பது முதற்பாடம்.

பின்னர்ப் பென்சிலை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் சீவிய பென்சிலின் கரிய ஊசி உலோகம் அன்று. ஆயினும் அது மின்சாரத்தைக் கடத்துகின்றது. அது கிராபைட்டும் களிமண்ணும் கலந்து செய்யப்பட்டது. கிராபைட்டு மிகுந்த மென்மையான பென்சில் நன்கு கடத்தும். களிமண் மிகுந்த கடினமான பென்சில் குறைவாகக் கடத்தும்.

இந்தக் கிராபைட்டினுள் ஒரு பெரிய விந்தை மறைந்திருப்பதை ஆராய்ந்து காட்டியவருள் ஒருவர் தமிழர் என்பதை நாம் அறிந்து பெருமைப்படலாம். இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவர்களே அவர். சர் சி. வி. இராமனுடன் இணைந்து 1928ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் உழைத்தவரும், பின்னாளில் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கியவரும் அவரே. அவரும் கங்கூலி என்பாரும் 1939ஆம் ஆண்டில் கிராபைட்டுப் படிகத்தின் மின்கடத்தும் திறனை அளந்தனர். படிகத்தின் ஏடுபோன்ற அடுக்குகளின் நெடுக்கில் மின்சாரம் எளிதாகப் பாய்கின்றது; அடுக்குகளுக்குக் குறுக்கே பாய்வதோ அதனினும் ஆயிரக்கணக்கான மடங்கு அரிதாயிருக்கின்றது என்று கண்டனர். ஒரே பொருள், ஒரு திசையில் நல்ல கடத்தி, மற்றொரு திசையில் மிகத் தாழ்ந்த கடத்தி! பட்டியலில் அதனை எப்பக்கம் எழுதுவது? அறிஞர்களின் வியப்புக்கு உரிய பொருள் நம் எழுதுகோலுக்குள்ளேயே இருக்கின்றது.

இனி, நம் சோதனையின் உயிர்நிலையாகிய பகுதிக்கு வருவோம். அது நீரைப்பற்றியது. ஒரு பிளாஸ்டிக்குக் குவளையில் குழாய் நீரை ஊற்றி, இரண்டு ஆணிகளை ஒன்றையொன்று தொடாமல் அதில் நிறுத்தி, அவற்றைச் சுற்றில் இணைக்கவேண்டும். 6 வோல்ட்டுச் சிறு விளக்கு எரியவில்லை. நீர் மின்சாரத்தைக் கடத்தாது என்று எழுதிவிடலாமா? சற்றுப் பொறுத்து, அவ்விளக்கை நீக்கிவிட்டு, மின்தடையோடு கூடிய எல்.இ.டி. விளக்கை அதன் நேர்முனையும் எதிர்முனையும் மாறாமல் இணைத்து, அறையை இருட்டாக்கிப் பார்க்கவேண்டும். மங்கலான சிவந்த ஒளி தோன்றும்! குவளையில் ஒரு கரண்டி உப்பை இட்டுக் கலக்கினால் அவ்வொளி ஓங்கும். உப்புக்கு ஈடாகச் சர்க்கரையைக் கலந்து பார்த்தால் அவ்வாறு ஓங்குவதில்லை. எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் ஒளி தரும். வண்டிகளின் மின்கலத்தில் ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோ ஒளி தராது. உப்புநீர்ச் சோதனையைச் சன்னலைத் திறந்து வைத்து, ஒரு நிமிடத்திற்குள் முடித்து, அந்நீரைக் கீழே கொட்டிவிடவேண்டும். ஏனெனில் மின்சாரம் பாயும்போது சிறிதளவு குளோரின் வாயு தோன்றக்கூடும்.

ஒரே நீர் முதல் விளக்குக்கு ஒரு விடையும், இரண்டாம் விளக்குக்கு வேறு விடையும் தந்தது ஏன்? சிறு விளக்கின் இழை ஒளிவிடச் சில நூறு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். எல்.இ.டி. விளக்குக்கு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைந்த ஓட்டம் போதும். நீரின் வழியே மின்சாரம் முதலிலும் பாய்ந்தது. ஆனால் அதனை உணர்த்தும் நுண்மை முதல் விளக்குக்கு இல்லை. விளக்கு எரியாமை மின்சாரம் பாயாமை ஆகாது. இச்சோதனைகள் தரும் பாடங்களுள் இதுவே தலையாயது என்பேன்.

ஆகவே, கடத்துமா, கடத்தாதா என்னும் கேள்வியைவிட, எவ்வளவு கடத்தும், எந்நிலையில் கடத்தும் என்னும் கேள்விகளே சிறந்தவை. இயற்கையில் கடத்திகளுக்கும் கடத்தாப் பொருள்களுக்கும் இடையே மதிற்சுவர் எதுவும் இல்லை. நீண்ட படிக்கட்டே இருக்கின்றது. மேற்படியில் வெள்ளியும் செம்பும் நிற்கின்றன. இரும்பின் தடை செம்பின் தடையைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. கடல்நீர் அவற்றினும் மிகத் தாழ்ந்த படியிலும், குடிநீர் அதற்குக் கீழும், தூயநீர் இன்னும் கீழும், உலர்ந்த மரமும் கண்ணாடியும் பீங்கானும் அடிப்படிகளிலும் நிற்கின்றன. ஈரமும் உப்பும் வெப்பமும் ஒரு பொருளை ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்கு ஏற்றவும் இறக்கவும் வல்லவை.

திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் வாழும் மாணவர்க்கு இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. அவர்கள் அன்றாட வாழ்வோடு பிணைந்தது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததனால் கடல்நீர் நிலத்தினுள் புகுந்து பல கிணறுகளை உப்பாக்கிவிட்டது. ஒரு கிணற்று நீர் எவ்வளவு உப்பாயிற்று என்பதை ஆய்வாளர் எவ்வாறு அறிகின்றனர்? அந்நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகின்றது என்று அளந்து அறிகின்றனர். மைக்ரோசீமன்ஸ் என்னும் அலகில், ஒரு சென்டிமீட்டருக்குக் கடல்நீரின் அளவு ஏறக்குறைய 50,000 ஆகும். நல்ல குடிநீரின் அளவு சில நூறே. மிகத் தூய நீரின் அளவு 0.055 மட்டுமே. காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கும் அளவுக்கு அமைக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் உப்பு நீங்கியதா என்பதைக் கண்காணிக்கப் பயன்படுவதும் இவ்வளவையே. குவளையில் இரண்டு ஆணிகளை நிறுத்திய மாணவன் செய்ததும், ஆய்வாளர் செய்வதும் தத்துவத்தில் ஒன்றே. கருவியின் நுண்மையில்தான் வேறுபாடு.

கும்மிடிப்பூண்டியின் தொழிற்சாலைகளில் காணப்படும் தூண்டல் உலையையும் எடுத்துக்கொள்வோம். பழைய இரும்பு இட்ட கொப்பரையைச் சுற்றிச் செப்புக் குழாய் சுருளாக அமைந்திருக்கும். அச்சுருளில் பாயும் மாறு மின்னோட்டம் இரும்பைத் தொடுவதே இல்லை. எனினும், இரும்பு தானே ஒரு கடத்தி ஆதலால் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்பெற்று, அவை தரும் வெப்பத்தால் அஃது உருகுகின்றது. இரும்பு உருக வேண்டும் வெப்பநிலை 1,538 செல்சியசுப் பாகை. செப்புக் குழாய் உருகாதிருக்க அதன் உள்ளே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த நீரும் அதற்கு ஆகுமா? ஆகாது. உப்பு மிகுந்த நீரை விட்டால் மின்சாரம் அந்நீரின் வழியே கசியும், குழாயும் அரிக்கப்படும். ஆதலின், உப்பு நீக்கிய நீரையே அங்கு ஓடவிடுகின்றனர். செம்பு கடத்தவேண்டும், நீர் கடத்தலாகாது, இரும்பு கடத்தியே தீரவேண்டும். மூன்று பொருள்களின் இயல்பை அறிந்தவர் உலையருகே அச்சமின்றி நிற்பர். அறியாதவர் பிறர் இட்ட ஏவலைச் செய்வாரேயன்றி, அதன் காரணத்தை உணரார்.

கடற்காற்றும் இப்பாடத்தையே கற்பிக்கின்றது. கடலோரத்து மின்கம்பங்களில் உள்ள பீங்கான்களின்மேல் உப்புத்துகள் நாளடைவில் படிகின்றது. வெயிற்காலத்தில் அது தீங்கின்றிக் கிடக்கும். பனி படர்ந்த விடியற்காலையிலோ, தூறல் விழும் வேளையிலோ, அவ்வுப்பு ஈரத்தில் கரைந்து மெல்லிய கடத்தும் படலமாகிவிடும். மறிக்கவேண்டிய பீங்கானின் மேற்பரப்பிலேயே மின்சாரம் பாய்ந்து பொறி பறக்கும், மின்வழங்கல் தடைப்படும். ஆதலின் கடலோரத்துப் பீங்கான்களைக் கழுவித் தூய்மை செய்கின்றனர். அவற்றின் விளிம்புகளையும் மேற்பரப்பின் வழி நீளும்படி மடிப்பு மடிப்பாக அமைக்கின்றனர். பீங்கான் மாறவில்லை; அதன் நிலை மாறிற்று. பட்டியலை மட்டும் கற்றவர்க்கு இஃது ஒரு புதிர். உப்பிட்ட குவளையைக் கண்டவர்க்கு இதில் புதிர் இல்லை.

இனி, பட்டியல் எவ்வாறு ஊறு விளைக்கும் என்பதைக் கூறுகின்றேன். மரம் கடத்தாது என்று கற்ற ஒருவர், மழையில் நனைந்த கழியால் அறுந்து கிடக்கும் மின்கம்பியை ஒதுக்க முயல்கின்றார். கயிறு கடத்தாது என்று நம்பிய ஒருவர், ஈரக் கயிற்றைப் பற்றி இழுக்கின்றார். முருங்கைக்காய் பறிக்க இரும்புத் தொரட்டியை ஓங்குகின்றவர், மேலே செல்லும் கம்பியை மறந்துவிடுகின்றார். மின்கம்பத்திலோ, மின்னிணைப்புடைய தகரக் கொட்டகையிலோ கொடிக்கம்பியைக் கட்டி ஈரத்துணி உலர்த்தி உயிரிழந்தோரைப்பற்றிய செய்திகளை மழைக்காலந்தோறும் நாளேடுகளில் காண்கின்றோம். வடகிழக்குப் பருவமழையின்போது வீசும் புயல்கள் இப்பகுதிக்குப் புதியன அல்ல. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் கரைகடந்த வர்தா புயலில் எண்ணற்ற மின்கம்பங்கள் சாய்ந்தன. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருக்களில் வெள்ளம் நின்றது. அத்தகைய நாள்களில் ஒருவர்க்குக் காவலாவது அவர் ஒப்பித்த பட்டியல் அன்று. ஈரம் எதனையும் மாற்றும் என்னும் தெளிவே.

அத்தெளிவைப் பெறவும் எளிய சோதனை உண்டு. உலர்ந்த நூற்கயிற்றை இடைவெளியில் வைத்தால் எல்.இ.டி. விளக்கு எரியாது. அதே கயிற்றை உப்புநீரில் தோய்த்து வைத்தால் எரியும். உலர்ந்த குச்சி ஒன்றில் இரண்டு ஊசிகளை நெருக்கமாகச் செருகிப் பார்த்தால் ஒளி இராது. அதனை இரவு முழுவதும் உப்புநீரில் ஊறவைத்து மறுநாள் இருட்டறையில் சோதித்தால் மெல்லிய ஒளி தோன்றக் காணலாம். இதனைத் தன் கண்ணால் கண்ட மாணவன், நனைந்த கழியை எடுத்துக்கொண்டு மின்கம்பியை அணுகான். மின்வாரியத்திற்குச் செய்தி அனுப்பிவிட்டு, பிறரையும் அணுகாதவாறு தடுத்து, எட்டி நிற்பான்.

இங்குச் சிறு கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்த்தல் நன்று. உலர்ந்த தோலுடைய மனித உடலின் தடை ஒரு லட்சம் ஓம் வரை இருக்கலாம். 6 வோல்ட்டு மின்கலங்களால் அவ்வுடலில் பாயக்கூடிய மின்னோட்டம் 0.06 மில்லி ஆம்பியர். அதனை நாம் உணரவும் மாட்டோம். நீரில் நனைந்த உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்குத் தாழக்கூடும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் ஆகும். வீடுகளில் கசிவைக் கண்டு மின்னிணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவி 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே செயற்படுமாறு அமைக்கப்படுகின்றது. அவ்வளவுக்கு மேற்பட்ட ஓட்டம் உயிருக்கு இறுதியாகலாம் என்பதே அதற்குக் காரணம். கை உலர்ந்திருந்தால் அஞ்சவேண்டா என்று எண்ணுதலும் பிழை. உயர்ந்த அழுத்தம் தோலின் தடையையே உடைத்துவிடும். டார்ச்சு விளக்கின் இழையை ஒளிரச் செய்யப் போதாத சிறு மின்னோட்டம் ஒரு மனிதன் இதயத்தை நிறுத்தப் போதும் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

இவ்வாறு சோதனைவழிக் கல்வியை வற்புறுத்துவோரை நோக்கிச் சிலர் மூன்று தடைகளை எழுப்புவதுண்டு. மாணவர்கள் மின்சாரத்தைத் தொடுவது ஆபத்து என்பது ஒன்று. அதற்கு விடை மேற்கூறிய கணக்கிலேயே உள்ளது. ஆபத்தானது மின்கலம் அன்று, அறியாமையே. மின்கலத்தில் சோதித்துப் பழகாத சிறுவன்தான் ஆவல் மேலீட்டால் சுவரிலுள்ள மின்செருகியில் கம்பியை நுழைக்கின்றான். ஆவலை அடக்குவதினும் அதற்கு நல்வழி காட்டுவதே அறிவுடைமை.

ஆய்வுக்கூடமும் பணமும் வேண்டுமே என்பது இரண்டாம் தடை. இச்சோதனைகளுக்கு வேண்டியவை பெரும்பாலும் அடுப்பங்கரையிலும் பழைய பொருள்களுக்கிடையிலும் கிடைப்பவை. புதிதாக வாங்கவேண்டிய சில பொருள்களும் ஓர் எளிய குடும்பத்திற்குச் சுமையாகா. வகுப்புக்கு ஒரு தொகுதி இருப்பினும் போதும். மாணவர் குழுவாகச் சோதிக்கலாம்.

தேர்வுக்கு இது வேண்டுமா என்பது மூன்றாம் தடை. மூன்றனுள் வலிமை மிக்கது இதுவே என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். நேரம் குறைவு, பாடம் மிகுதி, மதிப்பெண்ணோ பட்டியலுக்கே கிடைக்கின்றது. ஆனால் இக்குறை சோதனையின் குறை அன்று, கேள்வியின் குறை. கடத்தாப் பொருள்கள் ஐந்தைக் கூறுக என்று கேட்பதற்கு ஈடாக, ஒரு பொருளைக் கடத்தும் நிலைக்கு மாற்றுவன யாவை, அதனை நீ எவ்வாறு சோதித்துக் கண்டாய் என்று கேட்கத் தொடங்கினால், வகுப்பறை தானே மாறும். மனப்பாடம் செய்த விடை தேர்வு முடிந்ததும் மறையும். கையால் கண்ட விடை ஆயுள் முழுவதும் நிலைக்கும்.

வீட்டுச் சோதனைக்கும் எல்லை உண்டு என்பதையும் மறைத்தலாகாது. இரும்புக் கரண்டியும் செப்புக் கம்பியும் நம் விளக்கை ஒன்றுபோலவே எரியச் செய்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள ஆறு மடங்கு வேற்றுமையை அவ்விளக்கு காட்டாது. 6 வோல்ட்டில் எரியாத விளக்கைக் கண்டு, 230 வோல்ட்டில் அப்பொருள் காவலாகும் என்று முடிவு செய்வது பெருந்தவறு. 25,000 வோல்ட்டைப்பற்றிச் சொல்லவே வேண்டா. மின்சார இரயிலின் கம்பியைத் தொடாமலேயே, அதன் அருகில் சென்ற அளவிலேயே மின்சாரம் காற்றினூடே பாய்ந்து தாக்கக்கூடும். காற்றும் கடத்தாப் பொருள்களின் பட்டியலில் இடம்பெற்றதே அன்றோ? தன் சோதனை எதனைக் காட்டுகின்றது என்பதோடு, எதனைக் காட்டவில்லை என்பதையும் அறிந்தவனே உண்மையான ஆய்வாளன்.

ஆதலின் மாணவர்களே, நூலில் உள்ள பட்டியலைக் கிழித்தெறிய வேண்டா. அதனை நும் கைப்படத் திருத்தி எழுதுக. பொருளின் பெயருக்கு எதிரே அதன் நிலையையும் குறித்துக்கொள்க: உலர்ந்தது, நனைந்தது, உப்புப் படிந்தது, வண்ணம் பூசியது, சுரண்டியது. எவ்விளக்கால் சோதித்தீர், எத்தனை வோல்ட்டில் சோதித்தீர் என்பதையும் எழுதுக. உம் விடையும் தோழன் விடையும் மாறுபட்டால், சினவாமல் இருவரும் மீண்டும் சோதித்துப் பாருங்கள். அம்மாறுபாட்டிற்குள்ளே ஒரு புதிய உண்மை ஒளிந்திருக்கக்கூடும். அறுந்த பட்டு இழை ஒன்று அறிவியலுக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டதை முன்னரே கண்டோம்.

நும்மிற் சிலர் நாளை மின்நிலையத்திலும் உருக்காலையிலும் பணிபுரிவீர்கள். சிலர் கிணற்று நீரைச் சோதிப்பீர்கள். வேறு சிலர் மழைநாளில் ஈரக்கையோடு வீட்டு மின்விசையை அணுகும் இளையோரைத் தடுத்து நிறுத்துவீர்கள். எப்பணியில் இருப்பினும், பிறர் சொல்லக் கேட்டதை அவ்வாறே நம்பாமல், தக்க காவலோடு தாமே கண்டு தெளியும் பழக்கம் நும்மைக் காக்கும். நும்மோடு பணிபுரிவோரையும் காக்கும்.